மேற்குக்கரை நிலமும் 1858ஆம் ஆண்டுச் சட்டமும்

இஸ்ரேல்–பாலஸ்தீனம் என்றதும் 1948, 1967 போர்களைத்தான் பேசுகிறோம். ஜோர்டான் ஆற்றுக்கு மேற்கே உள்ள பாலஸ்தீனப் பகுதியான மேற்குக்கரையில் நிலம் கைமாறிய விதம் புரிய, அன்று அங்கே ஆண்ட ஒட்டோமான் (துருக்கி) அரசு 1858இல் போட்ட நிலச் சட்டத்திலிருந்து தொடங்க வேண்டும்.

அதில் 'மீரி' என்றொரு வகை. நிலம் பெயரளவில் அரசுடையது, பயிரிடும் உரிமை உழவனுடையது. பத்து ஆண்டு தகராறின்றிப் பயிரிட்டால் உரிமை நிலைக்கும். காரணமில்லாமல் மூன்று ஆண்டு தரிசாகப் போட்டால் போய்விடும். நிலத்தைப் பதிந்தால் வரி கட்டணும், பிள்ளையைப் பட்டாளத்துக்குப் பிடிப்பார்கள் என்று பயந்து பலர் பதியவே இல்லை. பிரிட்டிஷார் 1928இல் தொடங்கிய பதிவை, பின்னால் அங்கே ஆண்ட ஜோர்டானும் தொடர்ந்தது. ஆனாலும் 1967இல் இஸ்ரேல் மேற்குக்கரையைப் பிடித்தபோது ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலமே பதிவாகியிருந்தது. மறு ஆண்டே இஸ்ரேல் ராணுவம் 291ஆம் ஆணை போட்டு அந்த வேலையை நிறுத்தியது.

முதல் பத்தாண்டில் 'ராணுவத் தேவை' என்று சொல்லித் பாலஸ்தீனர்களின் தனியார் நிலத்தை எடுத்து யூதக் குடியிருப்பு கட்டினார்கள். 1979 அக்டோபரில் எலோன் மோரே என்ற குடியிருப்பின் வழக்கு அதற்குத் தடை போட்டது. நாப்லுஸ் அருகே ருஜெய்ப் கிராமத்தாரின் நிலம் அது. இது நிரந்தரக் குடியேற்றம் என்று குடியேறியவர்களே நீதிமன்றத்தில் சொன்னதால், ராணுவத் தேவை என்ற வாதம் நிற்கவில்லை. முப்பது நாளில் காலி செய்யச் சொன்னது இஸ்ரேல் உச்ச நீதிமன்றம்.

பிரதமர் பெகினின் அரசு உடனே வேறு வழி பிடித்தது: பதிவில்லாத, பயிரில்லாத நிலத்தை 'அரசு நிலம்' என்று அறிவிப்பது. ஊர்த் தலைவரான முக்தாரிடம் அறிவிப்பு போகும். 45 நாளுக்குள் ராணுவ மேல்முறையீட்டுக் குழுவிடம் போக வேண்டும். அளவை வரைபடம், உறுதிமொழிப் பத்திரம், வக்கீல் எல்லாம் விவசாயியின் செலவு. நிரூபிக்கும் பொறுப்பும் அவருடையது.

பலர் தோற்பது பாறையால். மலைச்சரிவில் மண் கிடைத்த குழியில்தான் ஒலிவம் நட முடியும். இடையெல்லாம் சுண்ணாம்புக் கல். முன்பு அப்படிப்பட்ட நிலத்தில் நடக்கூடிய இடத்தில் நட்டிருந்தாலே போதும். இப்போது வான்படத்தில் துண்டு நிலத்தில் பாதியாவது பயிராகத் தெரிய வேண்டும். மரங்கள் காய்த்துக்கொண்டிருக்கும், நிலம் 'தரிசு' ஆகிவிடும். இதைவிட அநியாயமான கணக்கு எனக்குத் தெரியாது. இப்படி அறிவிக்கப்பட்டது சுமார் 9 லட்சம் துனம். ஒரு துனம் ஆயிரம் சதுர மீட்டர், ஏறக்குறைய கால் ஏக்கர்.

2025 மே மாதம், மேற்குக்கரையில் இஸ்ரேலின் முழுக் கட்டுப்பாட்டில் உள்ள 'சி' பகுதியில் பதிவை மீண்டும் தொடங்க இஸ்ரேல் பாதுகாப்பு அமைச்சரவை முடிவெடுத்தது. பதிவு நின்றிருந்த இந்த 57 ஆண்டில் நிலத்தை உழுத தலைமுறை பெரும்பாலும் போய்விட்டது. வாரிசுகளில் பலர் ஜோர்டான் தலைநகர் அம்மானில். வெளிநாட்டில் இருப்பவர் பங்கை 'வராதவர் சொத்து' என்று இஸ்ரேல் நியமித்த பொறுப்பாளரிடம் சேர்க்க 1967ஆம் ஆண்டின் 58ஆம் ராணுவ ஆணை இருக்கிறது.