ஆயாவும் டர்பன் கடலும்

தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்த புதிதில் பக்கத்து வீட்டு ஆயாவைக் கடற்கரைக்குக் கூட்டிப்போனேன். இங்கே தமிழ்க் குடும்பங்களில் பாட்டியை ஆயா என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்படிச் சில சொற்கள் தங்கியிருக்கின்றன, மற்ற பேச்செல்லாம் ஆங்கிலம்தான். நான் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு அலைக்கு ஓடினேன். ஆயா மணலில் இறங்கவே இல்லை. "நாற்பது வயசு வரைக்கும் என்னை இங்கே விடவில்லை. இப்போ விட்டாலும் கால் வரமாட்டேங்குது" என்றார்.

சுருக்கென்றது. மெரினாவில் சுண்டல் பொட்டலத்தோடு வளர்ந்தவள் நான். கடலுக்கும் நிறம் பார்ப்பார்கள் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. வெள்ளையரின் நிறவெறி ஆட்சியில் 1953-ல் வந்த சட்டம் பூங்கா, பெஞ்சு, பேருந்து, கடற்கரை என்று எல்லாவற்றையும் நிறம் பார்த்துப் பிரித்தது. பிரித்துத் தரும் வசதி சமமாக இருக்க வேண்டிய அவசியமில்லை என்று அந்தச் சட்டத்திலேயே எழுதிவைத்திருந்தார்கள்! இந்த மணலில் ஆங்கிலம், ஆப்பிரிக்கான்ஸ், சூலு என்று மூன்று மொழியில் பலகை நின்றது: வெள்ளையர் மட்டும் குளிக்கலாம்.

1989-ல் ஜனங்கள் கூட்டம் கூட்டமாக வெள்ளையர் கடற்கரைகளில் இறங்கிவிட்டார்கள். கேப்டவுன் பக்கம் போலீஸ் நாயோடும் சாட்டையோடும் விரட்டியது. ஆனாலும் அந்த நவம்பரில் அதிபர் டி கிளார்க் எல்லாக் கடற்கரைகளையும் எல்லோருக்கும் திறப்பதாக அறிவிக்க வேண்டியதாயிற்று.

வீட்டுக் கதை இதைவிடக் கொடுமை. டர்பனின் கேட்டோ மேனர் பகுதியில் மாமரத்தோடு இருந்த ஆயாவின் சொந்த வீடு, ஒவ்வொரு இனமும் தனித்தனிப் பகுதியில்தான் வாழ வேண்டும் என்ற 1950-ன் குழுப் பகுதிச் சட்டத்தில் போயிற்று. ஆயா குடும்பத்தை இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய சாட்ஸ்வொர்த்துக்கு அனுப்பினார்கள். வரைபடத்தில் பார்த்தால் வயிறு எரிகிறது: ஒரு பக்கம் ஆப்பிரிக்கர்களின் உம்லாசி, மறுபக்கம் வெள்ளையர் பகுதிகள், நடுவில் தடுப்பு மாதிரி இந்தியர்கள். 1991-ல் சட்டம் போய்விட்டது, ஊர் அமைப்பு பெரும்பாலும் அப்படியேதான் இருக்கிறது.

சரி, எனக்கு இந்த ஊர் பழகிவிட்டது. ரொட்டியைக் குடைந்து குழம்பு ஊற்றும் பன்னி சௌவைக் கை வழியாமல் சாப்பிட வந்துவிட்டது. ஆனால் ஆடியில் மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அந்தப் புளித்த வாசனை வந்ததுமே, அம்மா தூக்குவாளியைக் கையில் கொடுத்து விரட்டும் எங்கள் தெருமுனைக்கு மனசு போய்விட்டது. அன்றைக்கு வேலையே ஓடவில்லை.

ஆயாவின் கதைகளில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஓட்டுக் கதை. 1984-ல் நாடாளுமன்றத்தில் இந்தியர்களுக்கென்று தனி அவை அமைத்து ஓட்டுக் கேட்டார்கள். கறுப்பர்களுக்கு இல்லாத ஓட்டு நமக்கு எதற்கு என்று ஆயா வீட்டில் ஒருவரும் போகவில்லை. இந்தியர்களில் பெரும்பாலோர் அதைப் புறக்கணித்தார்கள். அப்புறம் பத்து வருஷம் கழித்து, 1994 ஏப்ரல் 27. டர்பனுக்கு வடக்கே இனாண்டாவில் ஓலாங்கே பள்ளியில் மண்டேலா ஓட்டுப் போட்ட அதே நாள், ஆயாவும் வரிசையில் நின்றார். முன்னால் ஒரு கறுப்பினச் சூலுப் பாட்டி. இரண்டு பேருக்கும் வாழ்க்கையில் அதுதான் முதல் ஓட்டு. கொண்டுபோன சமோசாவைப் பங்கு போட்டுத் தின்றார்களாம்.

2024 தேர்தலில் பேரன் வரிசை நீளம் என்று பாதியில் திரும்பி வந்துவிட்டான். ஆயா ஒன்றும் திட்டவில்லை. மடக்கு நாற்காலியை அவன் கையில் கொடுத்து, "தூக்கிட்டு வா, நானும் வர்றேன்" என்று கிளம்பிவிட்டார். அன்று ஓட்டுப் போட்ட பிறகுதான் அவனுக்குச் சோறு.