சூளைப் பருவத்துக் காய்ச்சல்

நவம்பர் 9

நுவாகாய் அறுவடைத் திருவிழா முடிந்து மேற்கு ஒடிசாவிலிருந்து செங்கல் சூளைகளுக்குக் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வரும் பருவம். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, அறுத்த கல்லுக்குத்தான் கணக்கு. படுத்தால் கடன் அப்படியே நிற்கும் என்பதால் காய்ச்சலை வெளியே சொல்வதில்லை. ஃபால்சிபாரம் என்னும் கடுமையான வகை மலேரியா, கொசு கடித்து 7 முதல் 14 நாளில் தலைகாட்டும். அதாவது அங்கே கடித்தது இங்கே வந்தபின் சுடும். மதுரைப் பக்கம் மலேரியா குறைந்துவிட்டதால் டெங்கு என்றே முதலில் நினைக்கிறார்கள். "எந்த ஊரு, எப்ப வந்தீங்க?" என்று கேட்டாலே பாதி வேலை முடிந்தது. அன்றைக்கே ரத்தம் எடுத்துப் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம்.

நவம்பர் 11

மலேரியாக் கிருமி புகுந்த ரத்தச் சிவப்பணுக்கள் நுண்குழாய்ச் சுவர்களில் ஒட்டி, சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தை மறிக்கின்றன. அணுக்கள் உடைந்து வெளிவரும் ஹீமோகுளோபினும் சிறுநீரகக் குழல்களைக் கெடுக்கிறது. வாந்தியில் உடம்பு வற்றிக் கிடக்கும்போது மேல்வலிக்கு, சிறுநீரகத்தை மேலும் கெடுக்கும் டைக்ளோஃபினாக் ஊசி போடுவதுதான் பெரிய கொடுமை. பாராசிட்டமால் போதும்.

வரக்காப்பி நிறத்தில் சிறுநீர் போனால் காத்திருக்கவே கூடாது. 1 லிட்டர் தண்ணீர் பாட்டிலில் பிடித்து அளக்கச் சொல்லுங்கள்: 24 மணி நேரத்தில் 400 மில்லிக்குக் கீழே என்றால் நேராகப் பெரியாஸ்பத்திரிதான்.

நவம்பர் 12

சிறுநீரகம் வடிகட்டாதபோது ரத்தத்தில் தேங்கும் கிரியேட்டினின், டெசிலிட்டருக்கு 3 மி.கி.-ஐத் தாண்டினால் அது கடுமையான மலேரியா. மலேரியா மருந்தான ஆர்ட்டிசுனேட் நரம்பூசி, பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 2.4 மி.கி.; 0, 12, 24-ஆம் மணி நேரங்களில், பிறகு தினம் ஒரு முறை. 60 கிலோ ஆளுக்கு 144 மி.கி., ஆக 60 மி.கி. குப்பி மூன்றை உடைக்க வேண்டும். சிறுநீரகம் கெட்டிருந்தாலும் அளவைக் குறைக்கக் கூடாது.

சிறுநீர் வரவில்லையே என்று பாட்டில் பாட்டிலாக ட்ரிப்ஸ் ஏற்றினால் நுரையீரலில் நீர் கோத்து மூச்சு முட்டும். டயாலிசிஸ் என்றதும் ஆயுளுக்கும் என்று குடும்பம் கலங்கிப்போகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சிறுநீரகம் திரும்பிவிடுகிறது. இதை இந்தியிலோ ஒடியாவிலோ எடுத்துச்சொல்ல ஆள் வேண்டும்.

நவம்பர் 20

ஆர்ட்டிசுனேட் போட்டவர்களுக்கு ஒன்றிரண்டு வாரம் கழித்து சிவப்பணுக்கள் மறுபடி உடையலாம். 4 வாரம் வரை ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். அதற்குள் மேஸ்திரி வேறு சூளைக்கு மாற்றிவிடுகிறார். மாநிலம் விட்டு மாநிலம் வரும் புலம்பெயர் தொழிலாளருக்கு இலவச மருத்துவ வசதி தர வேண்டும் என்று அவர்களுக்கான 1979 சட்டத்திலேயே எழுதியிருந்தது. சூளையில் ஒரு முதலுதவிப் பெட்டிகூட இல்லை. எனவே ஊசி போட்ட தேதி, கடைசி கிரியேட்டினின், ஹீமோகுளோபின் மூன்றையும் ஒரு அட்டையில் எழுதி நோயாளி கையிலேயே கொடுத்தனுப்புங்கள். மறுபடி காய்ச்சல் வந்தால் ரத்தத் தடவல்தான் (கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பார்க்க வேண்டும். ஏனென்றால், குணமான பிறகும் சில வாரங்கள் கார்டு டெஸ்ட் (ஒரு துளி ரத்தத்தில் செய்யும் உடனடிப் பரிசோதனை) பாசிட்டிவ் காட்டும்.