மணியடிக்கும் நேரம்

சோமனூரிலிருந்து கருமத்தம்பட்டி சின்னத் தூரம்தான். தறிச் சத்தம் காதை விட்டுப் போவதற்குள் கோவை – அவினாசி நெடுஞ்சாலையின் லாரிச் சத்தம் வந்துவிடும். அங்கே இருக்கும் மாதா கோவிலான ஜெபமாலை அன்னை பசிலிக்காவுக்கு அக்டோபரில்தான் ஜனம் திரளும். தேர், வாணவேடிக்கை, கடைகள் என்று ஊரே மாறிப்போகும். இந்த முறை நான் வேண்டுமென்றே ஒரு சாதாரண நாளில், காலைப் பூசைக்குப் போனேன்.

காரணம் இருக்கிறது. போன திருவிழாப் பூசையில், கிறிஸ்துவின் உடலாக நாங்கள் வணங்கும் அப்பத்தைச் சாமியார் உயர்த்தியபோது நான் செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து அதைப் போட்டுப் பார்த்தேன். மணி அடிக்கிறது, முன்னால் இருக்கும் தலைகள் எல்லாம் தாழ்கின்றன, படம் மட்டும் கொஞ்சமும் ஆடவில்லை. அப்படியென்றால் நான் குனியவே இல்லை. அன்றைக்கு ராத்திரி சரியாகத் தூக்கம் வரவில்லை.

என் அம்மிச்சி காலத்தில் பூசை லத்தீனில் நடந்தது. ஒரு வார்த்தைகூட அவருக்குப் புரியாது. ஆனால் மணி அடித்ததும் முக்காட்டை இழுத்துவிட்டு நெற்றி தரையில் படக் குனிந்துவிடுவாராம். நான் சிறுவனாக இருந்தபோது கோவிலில் பேச்சுக் கொடுத்தால், "வாய் பேசாத கண்ணு, சாமி இங்கதான் இருக்குது" என்பார். கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் (1962–65) பிறகு பூசை தமிழுக்கு வந்தது பெரிய கொடை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புரிகிற வார்த்தை பழகிப்போய்விடுகிறதே என்பதுதான் என் கவலை.

பூசையில் நாம் பாடும் "தூயவர், தூயவர், தூயவர்" எங்கிருந்து வந்தது? உசியா அரசர் இறந்த ஆண்டில் இறைவாக்கினர் எசாயா கண்ட காட்சியிலிருந்து. அதில் வரும் சேராபீன்கள் என்ற வானதூதர்களுக்கு ஆளுக்கு ஆறு சிறகுகள். இரண்டால் முகத்தை மூடிக்கொண்டார்கள், இரண்டால் கால்களை மூடிக்கொண்டார்கள், இரண்டால் பறந்தார்கள். ஆறில் நான்கு, மூடிக்கொள்வதற்கே! பாவமறியாத அவர்களே அப்படியென்றால் எசாயா என்ன செய்வார்? தூய்மையற்ற உதடுகளைக் கொண்டவன் நான், அழிந்தேன் என்று அலறுகிறார். கடவுள் அவரைத் துரத்திவிடவில்லை. பலிபீடத்து நெருப்பு அந்த உதடுகளைத் தொட்டு, அவருடைய குற்றத்தைப் போக்குகிறது. அந்தப் பாட்டைத்தான் நான் கையில் போனை வைத்துக்கொண்டு பாடியிருக்கிறேன்.

17ஆம் நூற்றாண்டில் மதுரை மிஷனைச் சேர்ந்த இயேசு சபைக் குருக்கள் கொங்கு நாட்டுக்கு வந்த காலத்தோடு தொடர்புள்ள தலம் இது. 2019இல் பசிலிக்கா என்ற சிறப்பும் கிடைத்தது. எத்தனை தலைமுறை இங்கே முழந்தாளிட்டிருக்கும்! காலையில் உள்ளே போனபோது அந்த அப்பத்தை வைத்திருக்கும் நற்கருணைப் பேழையருகே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆட்கள் அதிகமில்லை. யாரும் சொல்லாமலே செருப்புகள் வாசலில் கிடந்தன. 'செருப்பைக் கழற்று, நீ நிற்கும் இடம் புனித நிலம்' என்று எரியும் முட்செடியின் நடுவிலிருந்து கடவுள் மோசேக்குச் சொன்னதை நம் ஊர்க் கால்கள் மறக்கவில்லை.

என் பக்கத்தில் ஒருவர் இருந்தார். ராத்திரி ஷிப்ட் முடித்து நேராக வந்திருப்பார் போல, சட்டையெல்லாம் பஞ்சுத்தூசி. மணி அடித்தது. குனிந்தேன். தரையையும் என் மூச்சையும் தவிர ஒன்றும் இல்லை. திருவிழாக் கூட்டத்தில் கிடைக்காத ஒரு நடுக்கம் உடம்பில் ஓடியது. பயம் என்று அதைச் சொல்ல மாட்டேன், ஓடிப்போகத் தோன்றவில்லையே.

அப்புறம் எல்லோரும் சேர்ந்து சொன்னோம்: "ஆண்டவரே, நீர் என் இல்லத்தில் எழுந்தருள நான் தகுதியற்றவன்." கப்பர்நாகூமில் நூற்றுவர் தலைவர் இயேசுவிடம் சொன்னது. நூறு பேருக்கு உத்தரவு போடுகிறவரின் வாயிலிருந்து வந்த வார்த்தை.

நன்மை, அதாவது அந்த நற்கருணை அப்பம், வாங்க வரிசை நகர்ந்தது. அந்தத் தறிக்காரர் எழுந்தார், இரண்டு உள்ளங்கைகளையும் வேட்டியில் துடைத்தார். விரித்துப் பார்த்தார். திருப்தியில்லை. மறுபடியும் துடைத்துவிட்டுத்தான் நடந்தார்.

நானும் கையைத் துடைத்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.