நாற்காலியிலிருந்து ஐந்து முறை

எனக்கு 71 வயது. பைபாஸ் ஆகி ஒன்பது வருடம், பேஸ்மேக்கர் வைத்து மூன்று வருடம் ஆகிறது. இதயம் பலவீனம் என்று தெரிந்ததிலிருந்து தினமும் காலையில் எடை பார்த்து நோட்டில் எழுதி வைக்கிறேன். எடை சட்டென்று ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று அர்த்தம், உடனே வாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். ஒரு வருடமாக அது 68 கிலோவை விட்டு நகரவே இல்லை. எனக்கு ஒரே பெருமை.

இதற்கிடையில் பேன்ட் இடுப்பில் இறுக்கமாகவும் தொடையில் தொளதொளவென்றும் ஆகிவிட்டது. பாட்டில் மூடியைத் திறக்கப் பேரனைக் கூப்பிட ஆரம்பித்தேன். சோபாவிலிருந்து எழும்போது கை தானாகவே பிடிமானம் தேடும். கேட்டவர்கள் எல்லோரும் 'வயசாச்சு, ஹார்ட் பேஷன்ட் வேற' என்றார்கள். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன செக்கப்பில் டாக்டரைப் பார்ப்பதற்கு முன் ஒரு நர்ஸ் ஐந்து கேள்விகள் கேட்டார். நாலரைக் கிலோ பையைத் தூக்கச் சிரமமா, அறையின் குறுக்கே நடக்க உதவி வேண்டுமா, நாற்காலியிலிருந்து எழ முடிகிறதா, பத்துப் படி ஏற முடிகிறதா, கடந்த ஒரு வருடத்தில் எத்தனை தடவை விழுந்தீர்கள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண். மொத்தம் 4 அல்லது அதற்கு மேல் வந்தால் அடுத்த கட்டச் சோதனை. தசை குறைந்திருக்குமோ என்று கண்டுபிடிக்கும் கேள்விகள் இவை, சார்க்-எஃப் என்று பெயர்.

எனக்கு 3 வந்தது. விழவே இல்லை என்று சொல்லியிருந்தேன்.

"போன மாசம் பாத்ரூம்ல விழுந்தீங்களே, அது என்ன கணக்கு?" என்றாள் பக்கத்தில் இருந்த மனைவி.

"அது விழுந்தது இல்ல, வழுக்கிடுச்சு."

நர்ஸ் சிரித்துக்கொண்டே 3-ஐ அடித்து 4 என்று எழுதினார். இந்தச் சோதனைக்குத் தனியாகப் போகாதீர்கள். உங்கள் மானத்தைப் பற்றிக் கவலைப்படாத ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம் பிசியோதெரபிஸ்ட் அறை. முதலில் கெண்டைக்காலை டேப் வைத்து அளந்தார். இடது கால் 33 சென்டிமீட்டர், வலது கால் 34.5. ஆசிய நாட்டவர்களுக்காக 2019-ல் வகுத்த அளவுகோலின்படி ஆண்களுக்கு 34-க்குக் கீழே போனால்தான் சந்தேகம், பெண்களுக்கு 33. இரண்டு காலில் பெரிய அளவைத்தான் எடுப்பார்கள், ஆக நான் தப்பித்தேன் என்று நினைத்தேன். அந்த அம்மா பேசாமல் என் வலது கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். மாவில் அழுத்தியதுபோல ஒரு குழி, கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பைபாஸுக்கு ரத்தக்குழாய் எடுத்த கால் அது. "இது சதை இல்ல சார், தண்ணி" என்றார். அந்த 34.5 கணக்கிலேயே சேராது.

கைப்பிடிக் கருவியை முழங்கையை மடக்கி வைத்து முழு பலத்தோடு அழுத்தச் சொன்னார். 24 கிலோ காட்டியது. ஆணுக்கு 28-க்குக் கீழே, பெண்ணுக்கு 18-க்குக் கீழே என்றால் பலம் குறைவு.

கடைசியாக நாற்காலி. கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார வேண்டும். முதல் தடவை எழும்போதே வலது கை அவிழ்ந்து நாற்காலியின் ஓரத்தைப் பிடித்துவிட்டது. எனக்கே தெரியவில்லை, அவர் சொன்ன பிறகுதான் பார்த்தேன். மறுபடி ஆரம்பித்தேன். மூன்றாவதில் தொடை நடுங்கியது. முடித்தபோது 17 விநாடி. 12 விநாடிக்குள் முடிக்க வேண்டுமாம்.

உறுதி செய்ய, உடம்பில் லேசாக மின்சாரம் செலுத்தித் தசையைக் கணக்கிடும் எடை மெஷின் அங்கே இருந்தது. பேஸ்மேக்கர் இருப்பதால் எனக்கு அது வேண்டாம் என்று டெக்ஸா என்ற எக்ஸ்ரே ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். வலி கிடையாது, சும்மா படுத்திருக்க வேண்டியதுதான். கை கால்களில் உள்ள தசையின் எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்துச் சொல்வார்கள். ஆண்களுக்கு 7.0-க்குக் குறையக் கூடாது, எனக்கு 6.5. சார்க்கோபீனியா, அதாவது தசையிழப்பு, என்று சீட்டில் எழுதினார்கள்.

சரி, எடை குறையவே இல்லையே என்று கேட்டேன். தசை போன இடத்தில் கொழுப்பும் நீரும் வந்திருந்தால் தராசுக்கு எப்படித் தெரியும் என்றார் டாக்டர். இதயம் பலவீனமானால் தசைக்குப் போகும் ரத்தம் குறைகிறது, பசி மந்தமாகிறது, மூச்சு வாங்குமே என்று நாமும் நடமாட்டத்தைக் குறைத்துக்கொள்கிறோம். மூன்றும் சேர்ந்துதான் தசையைத் தின்றிருக்கின்றன. இந்த ஒன்பது வருடத்தில் எத்தனை எக்கோ எடுத்தேன் என்று எனக்கே கணக்கில்லை. ஆனால் கையை ஊன்றாமல் எழுந்திருங்கள் பார்க்கலாம் என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை. ஒரு நாற்காலியும் கடிகாரமும் போதும் என்கிற சோதனை இது. அதில் எனக்கு இன்னும் வருத்தம்தான்.

சிகிச்சை என்றால் மாத்திரை இல்லை. கிரியாட்டினின் பார்த்து, சிறுநீரகம் தாங்கும் என்று உறுதி செய்த பிறகு, கிலோவுக்கு 1.2 கிராம் புரதம் என்று வைத்தார்கள். என் எடைக்குத் தினமும் சுமார் 80 கிராம். கூடவே வாரம் மூன்று நாள் ரப்பர் பட்டையை இழுக்கும் பயிற்சி, நாற்காலியில் எழுந்து உட்காருவது. மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யக் கூடாது, இதயத்துக்கு ஆகாது. அதனால் சத்தமாக எண்ணிக்கொண்டே எழச் சொன்னார்கள். எண்ணும்போது மூச்சைப் பிடிக்க முடியாது அல்லவா.

மூன்று மாதம் ஆகிறது. நாற்காலி 14 விநாடிக்கு வந்திருக்கிறது, கைப்பிடி 25 கிலோ. நோட்டில் எடைக்குப் பக்கத்தில் விநாடிக்கு ஒரு கட்டம் போட்டிருக்கிறேன். விழுந்ததற்கும் ஒரு கட்டம் உண்டு. அதை மட்டும் மனைவிதான் நிரப்புகிறாள்.