நெஞ்சளவு தண்ணீருக்கு 0.00 காட்டிய பெட்டி

ஜூன் 12 அன்று மேட்டூரைத் திறந்தாலும், கல்லணை தாண்டி வெண்ணாற்றில் இறங்கி எங்கள் கடைமடை வாய்க்காலுக்குத் தண்ணீர் வந்து சேர நாள்கள் ஆகும். முறை வைத்து விடும்போது பல நேரம் நடுராத்திரியில்தான் வரும். டார்ச் எடுத்துக்கொண்டு மதகடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவது என் மாமாவுக்கு எத்தனையோ வருடப் பழக்கம். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே நடையை வடிகாலுக்கு நடப்பார், சம்பா மூழ்குமோ என்ற பயத்தில்.

அந்த நடையைக் குறைக்க ஒரு பெட்டி செய்தோம். நீடாமங்கலம் பக்கம் வாய்க்கால் பாலத்தின் அடியில் மட்டம் அளக்கும் சென்சார்; அங்கிருந்து பம்புசெட் கொட்டகைவரை ஆர்எஸ்-485 என்ற, தூரத்துக்குத் தரவு கடத்தும் கம்பி; கொட்டகையில் ஒரு பழைய ரவுட்டர். சென்சார் பேசுவது மாட்பஸ். 1979-இல் தொழிற்சாலைக் கருவிகளுக்காக வந்த நெறிமுறை, இன்றும் பல சென்சார்களில் இதுதான். சென்சாரிடம் கேட்டு, மட்டத்தை மீட்டரில் தரும் சின்ன நூலகத்தை (மற்ற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் நிரல் தொகுப்பை) அக்கா மகன் சி மொழியில் எழுதியிருந்தான். லிப்மட்டம் என்று பெயர் வைத்திருந்தான். அவன் லேப்டாப்பில் அது அருமையாக ஓடியது. அதை ரவுட்டருக்குள் கொண்டுபோவது என் பொறுப்பு.

ரவுட்டரில் இருப்பது குவால்காமின் க்யூசிஏ 9531 சிப். மிப்ஸ் 24கேசி வகைப் பிராசசர், 64 எம்பி ராம், 16 எம்பி ஃப்ளாஷ். அதில் ரவுட்டர்களுக்கான லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன் டபிள்யூஆர்டி 24.10 ஏற்றியிருந்தேன். அந்த இடத்திலேயே, நிரலை சிப்புக்குப் புரியும் ஃபைலாக மாற்றும் கம்பைலரைப் போட்டுக் கட்டலாம் என்றால் ஃப்ளாஷ் கொள்ளாது. லேப்டாப்பில் கட்டி, அந்த சிப்புக்கான ஃபைலை எடுத்துப் போவதுதான் வழி. கிராஸ் கம்பைல் என்பது இவ்வளவுதான்: சமைப்பது ஒரு வீட்டில், பரிமாறுவது இன்னொரு வீட்டில்.

முதலில் குறுக்கு வழி பார்த்தேன். லேப்டாப்பின் லினக்ஸான உபுண்டுவிலேயே மிப்ஸ் கம்பைலர் பேக்கேஜ் கிடைக்கிறது. அதைப் போட்டு, சோதனை நிரலைக் கட்டி, ரவுட்டருக்கு நகலெடுத்து ஓட்டினேன். 'கிடைக்கவில்லை' என்று பதில் வந்தது. ஃபைல் கண்ணெதிரே இருக்கிறது, அனுமதியும் சரியாக இருக்கிறது, ஆனால் கிடைக்கவில்லையாம். ஒரு சாயங்காலம் முழுக்க இதிலேயே போனது. யாருக்காவது இது நேர்ந்தால் நேராக ரீட்எல்ஃப் கருவியால் அந்த ஃபைலைத் திறந்து, அது எந்த லோடரை (நிரலை நினைவகத்தில் ஏற்றி ஓடவைக்கும் ஃபைலை) கேட்கிறது என்று பாருங்கள். கிடைக்காதது நம் ஃபைல் அல்ல, அந்த லோடர். உபுண்டு கம்பைலர் ஜிலிப்சி என்ற சி நூலகத்தை நம்பிக் கட்டுகிறது. ஓப்பன் டபிள்யூஆர்டியில் இருப்பது மஸல் என்ற சிறிய சி நூலகம், அதன் லோடர் வேறு பெயரில் வேறு ஃபைலாக இருக்கிறது. அந்தப் பெயரின் வாலில் எஸ்எஃப் என்ற இரண்டு எழுத்து ஒட்டியிருக்கும். சாஃப்ட் ஃப்ளோட் என்று அர்த்தம்: இந்தப் பிராசசருக்குத் தசமக் கணக்குப் போடத் தனிப் பகுதி கிடையாது, எல்லாவற்றையும் மென்பொருளே போட வேண்டும். சிப்பின் குடும்பம் ஒன்றாக இருந்தால் மட்டும் போதாது, சி நூலகமும் தசமக் கணக்கு முறையும்கூடப் பொருந்த வேண்டும் என்று அன்றுதான் எனக்கு உறைத்தது.

அதன் பிறகு ஒழுங்காக, ஓப்பன் டபிள்யூஆர்டியே தரும் கட்டும் கருவித்தொகுப்பான எஸ்டிகேக்கு வந்தேன். ரவுட்டரில் ஓடும் பதிப்புக்கும் அதன் சிப் வகைக்கும் உரிய எஸ்டிகேயை இறக்க வேண்டும், என் ரவுட்டருக்கு ஏடிஎச்79. பதிப்பு எண் ஒன்று தள்ளிப் போனாலும் பின்னால் தலைவலி. விரித்து வைக்கும் ஃபோல்டரின் பாதையில் இடைவெளி இருக்கக் கூடாது. நான் 'வாய்க்கால் வேலை' என்று ஃபோல்டருக்குப் பெயர் வைத்திருந்தேன், கட்டும் வேலை தொடங்கவே மறுத்தது. பெயரை மாற்றி, பேக்கேஜ் பட்டியல்களான ஃபீடுகளைப் புதுப்பித்தேன். மாட்பஸ் பேசும் லிப்மாட்பஸ் நூலகம் அங்கே ஏற்கெனவே பேக்கேஜாக இருந்தது. நல்ல மனிதர்கள் பராமரிக்கிறார்கள். நம்முடையதை மட்டும் எழுதினால் போதும்.

பேக்கேஜ் என்பது பெரும்பாலும் ஒரே ஒரு மேக்ஃபைல், அதாவது கட்டும் குறிப்புகள் உள்ள ஃபைல். பெயர், பதிப்பு, மூலம் எங்கே இருக்கிறது, அது மாறவில்லை என்று சரிபார்க்கும் ஹாஷ், எதை நம்பியிருக்கிறது, எதை எங்கே வைக்க வேண்டும். அக்கா மகன் சிமேக் என்ற கட்டும் கருவியைப் பயன்படுத்தியிருந்ததால் எஸ்டிகேயின் சிமேக் துணைக்கோப்பைச் சேர்த்ததும் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, அவன் எழுதியதில் லேப்டாப் வாசனை வீசிய இடங்களை நீக்குவது. ஹெட்டர்களை (நூலகத்தில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃபைல்களை) லேப்டாப்பின் சொந்த ஃபோல்டரிலிருந்து எடுக்கச் சொல்லியிருந்தான். இந்த மெஷினுக்கே ஏற்றபடி வேகமாக்கு என்ற கம்பைலர் கொடியும் வைத்திருந்தான். இரண்டையும் எடுத்தேன். திட்டியதில்லை. இன்னொரு மெஷினை மனதில் வைத்து எழுத யாரும் அவனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை.

நூலகத்தைப் பேக்கேஜ் செய்பவர்கள் தவறும் இடம் ஒன்று உண்டு. ரவுட்டருக்குப் போவது ஓடுவதற்கான நூலக ஃபைல் மட்டும். ஹெட்டர்கள் அங்கே தேவையில்லை, ஃப்ளாஷில் இடம்தான் வீண். ஆனால் இந்த நூலகத்தை நம்பி இன்னொரு நிரலைக் கட்டும்போது எஸ்டிகேக்கு அந்த ஹெட்டர்கள் வேண்டும். அதனால் மேக்ஃபைலில் இரண்டு தனித்தனிப் பகுதிகள்: ஒன்று ரவுட்டரில் நிறுவ, இன்னொன்று கட்டும் இடத்தில் வைக்க. இரண்டாவதை எழுத மறந்ததால் நூலகம் சுத்தமாகக் கட்டி முடிந்தது, அதைப் பயன்படுத்தும் நிரல் மட்டும் ஹெட்டரைக் காணோம் என்று நின்றது. சேர்த்த பிறகு, ரவுட்டரில் நிறுவும் பேக்கேஜான ஐபிகே ஃபைல் வந்தது. நிறுவினேன், ஓடியது. அடுத்த நாளே கொட்டகையில் மாட்டினோம்.

காலையில் மாமா போன் செய்தார்.

"தம்பி, தண்ணி நெஞ்சளவு கெடக்கு. உன் பெட்டி சைபர்னு காட்டுதே."

போய்ப் பார்த்தேன். பாலத்தூணில் நாங்கள் வரைந்த அளவுகோலில் தண்ணீர் 1.25 மீட்டரில் நின்றது. பெட்டியில் 0.00. மத்தியானம் தண்ணீர் 1.37-க்கு ஏறியபோது பெட்டி 18 இலக்க எண் ஒன்றைக் காட்டியது. லேப்டாப்பில் அதே சென்சாரைச் செருகினால் சரியாக 1.37. கம்பியைச் சந்தேகப்பட்டேன், கம்பியை ரவுட்டரில் சேர்க்கும் யூஎஸ்பி அடாப்டரைச் சந்தேகப்பட்டேன், சென்சாரைக்கூடக் கழற்றித் துடைத்தேன்.

தவறு நூலகத்தில் ஒரே வரியில் இருந்தது. சென்சார் எண்களை வைத்துத் தரும் இடமான மாட்பஸ் ரெஜிஸ்டர் ஒன்று 16 பிட். தசம எண்ணுக்கு 32 பிட் வேண்டும், அதனால் சென்சார் அதை இரண்டு ரெஜிஸ்டராக, கீழ்ப்பாதியை முதலிலும் மேல்பாதியை அடுத்தும் அனுப்புகிறது. அக்கா மகன் அந்த இரண்டையும் வந்த வரிசையிலேயே நினைவகத்தில் நகலெடுத்து, இதுதான் எண் என்று வைத்துக்கொண்டான். இன்டெல் லேப்டாப் எண்ணின் கீழ்ப்பக்க பைட்டை முன்னால் வைக்கும் ஜாதி, லிட்டில் எண்டியன். அங்கே தற்செயலாகப் பொருந்திவிட்டது. என் ரவுட்டரின் சிப் பிக் எண்டியன், மேல்பக்க பைட் முன்னால். அங்கே மேல்பாதியும் கீழ்ப்பாதியும் இடம் மாறிப்போயின. 1.25-இன் கீழ்ப்பாதி முழுக்கப் பூஜ்யம். அது மேலே போனதும் கண்ணுக்கே தெரியாத அளவு சிறிய எண்ணாகி 0.00 ஆகிவிட்டது. 1.37-இல் கீழ்ப்பாதி பூஜ்யமில்லை, அதனால் பூதாகாரமான எண்.

திருத்தம் சின்னது: மேல்பாதியை 16 பிட் இடப்பக்கம் தள்ளி, கீழ்ப்பாதியோடு சேர்த்து ஒரே முழு எண்ணாக்கி, அதன் பிட்டுகளைத் தசம எண்ணாக எடுத்தால் எந்த சிப்பிலும் ஒரே விடைதான். அக்கா மகனோடு உட்கார்ந்து தாளில் எழுதிப் பார்த்தோம். அவனுக்குப் புரிந்த கணத்தில் அவன் முகத்தைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். கொட்டகைக்கு ஓடாமல் இதையெல்லாம் சோதிக்கவும் வழி உண்டு. கியூஇமு என்ற எமுலேட்டரில் பிக் எண்டியன் மிப்ஸ் நிரலை லேப்டாப்பிலேயே ஓட்டலாம். இப்போது ஒவ்வொரு முறை கட்டிய பிறகும் 1.25, 1.37 இரண்டையும் அதில் ஓட்டிப் பார்த்துத்தான் பேக்கேஜை அனுப்புகிறோம்.

அப்புறம் திருத்துறைப்பூண்டி பக்கத்திலிருந்து இன்னொரு விவசாயி கேட்டார். அவரிடம் இருந்த ரவுட்டரில் மீடியாடெக் எம்டி7628 சிப். அதுவும் மிப்ஸ்தான், ஆனால் லிட்டில் எண்டியன், அதற்கு எஸ்டிகே வேறு. மேக்ஃபைலில் ஒரு எழுத்தும் மாற்றாமல் புது எஸ்டிகேயில் வைத்துக் கட்டினேன். இந்த ரவுட்டரில் தொடங்கியிருந்தால் அந்தப் பழைய வரி தப்பாகவே உள்ளே கிடந்திருக்கும், எவருக்கும் தெரிந்திருக்காது.

இரண்டாவது பெட்டிக்கு நான் போகவில்லை. ஐபிகேயை அனுப்பி வைத்தேன், அவருடைய மகள் நிறுவினாள். லிப்மாட்பஸை ரவுட்டரே கேட்டு இறக்கிக்கொண்டது. பத்து நிமிடம் கழித்து வடிகால் அளவுகோலையும் பெட்டித் திரையையும் சேர்த்து ஒரு படம் அனுப்பினாள். இரண்டிலும் 0.62.