தலைகீழாய் ஒரு ராணி
நேற்று கரண்ட் போன நேரத்தில் டார்ச்சும் பூதக்கண்ணாடியுமாக ஸ்டாம்பு ஆல்பத்தோடு உட்கார்ந்துவிட்டேன்.

1840-இல் வந்த, உலகின் முதல் தபால் ஸ்டாம்பான பென்னி பிளாக் எஃகுத் தகட்டில் செதுக்கி அச்சடித்தது. பள்ளத்தில் தங்கும் மையைத் தாள் அழுத்தத்தில் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் கோடுகள் லேசாகப் புடைத்து நிற்கும். கல்லில் வரைந்து அடிக்கும் கல்லச்சு வேறு ரகம். எண்ணெய்ப் பசையும் தண்ணீரும் ஒட்டாது என்பதுதான் அதன் சூட்சுமம். மை தட்டையாகவே படியும்.

1854-இல் கல்கத்தாவில் நாலணா ஸ்டாம்பைக் கல்லச்சில்தான் அடித்தார்கள். சிவப்புச் சட்டம், உள்ளே விக்டோரியா ராணியின் நீலத் தலை. இரண்டு நிறத்துக்கு இரண்டு தடவை அடிக்க வேண்டும். இடையில் யாரோ தாளைத் திருப்பி வைத்திருக்கிறார்கள், விக்டோரியா தலைகீழ்! அந்தப் பிழைக்குத்தான் இன்று கொள்ளை விலை. என்னிடம் இருப்பது அதன் படம் மட்டும்தான், அதுவும் பத்திரிகையில் வெட்டியது.