தோசைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

2016 பிப்ரவரியில் நான் படிக்க ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குப் புறப்பட்டபோது எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: "அது வெயில் ஊர், ஸ்வெட்டர் எல்லாம் சுமக்காதே." நம்பினேன். பெட்டியில் அந்த இடத்தைச் சாம்பார் பொடிக்குக் கொடுத்தேன். அங்கே குளிர்காலம் ஜூனில்தான்; அது பிறந்ததும் குட்டு வெளிப்பட்டது. வெளியே பத்துப் பன்னிரண்டு டிகிரி என்றால் வீட்டுக்குள்ளும் அதேதான். கட்டைக்கால் மேல் நிற்கும் பழைய மரவீடு, பலகை இடுக்கெல்லாம் காற்று. ராத்திரி லுங்கிக்கு மேல் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு படுத்தேன்.

என் நிலையைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, பக்கத்து அறைப் பையன் ஒரு சனிக்கிழமை என்னை ஆப் ஷாப்புக்குக் கூட்டிப்போனான். ஜனங்கள் வேண்டாமென்று கொடுத்த சாமான்களைத் தர்ம காரியத்துக்காக விற்கிற கடை. கல்லாவில் இருப்பது பெரும்பாலும் சம்பளம் வாங்காத பாட்டிமார்கள். ஊரில் அடுத்தவர் பயன்படுத்திய போர்வை என்றால் அம்மா வாசல்படியைத் தாண்ட விடமாட்டார். நான் நான்கு டாலருக்குப் பச்சைக் கட்டம் போட்ட கம்பளிப் போர்வை ஒன்றை எடுத்தேன். ஓரத்தில் யாரோ ஒருத்தியின் பெயர் சிவப்பு நூலில் தைத்திருந்தது. மூன்று முறை துவைத்தேன், நாப்தலின் வாசனை போகவில்லை. அம்மாவிடம் புதுசு என்று சொல்லிவிட்டேன்.

நான் போர்வை தேடிய நேரத்தில் அவன் மூலையில் உட்கார்ந்து பழைய இசைத்தட்டுகளைப் புரட்டிக்கொண்டிருந்தான். உறை கிழிந்தவை, கீறல் விழுந்தவை, யாரும் சீண்டாதவை. தட்டு ஒன்றுக்கு ஒரு டாலர். "இதை வைத்து என்ன செய்வாய்?" என்றேன். அன்றைக்கு வீடு வந்து சேரும்வரை அவன் வாய் மூடவில்லை. தி அவலாஞ்சஸ் என்ற மெல்போர்ன் குழுவைப் பற்றி நான் கேள்விப்பட்டது அப்படித்தான்.

2000 நவம்பரில் வந்த அவர்களுடைய முதல் ஆல்பம் முழுக்க இந்த மாதிரிக் கழித்துப்போட்ட தட்டுகளில் இருந்து பொறுக்கிய ஒலித்துண்டுகளால் ஆனது. ஒரு பாட்டில் இரண்டு நொடி, இன்னொன்றில் ஒரு மேளச் சத்தம், எங்கோ ஒரு நகைச்சுவைத் தட்டில் இருந்து ஒரு வசனம். இப்படி 3,500 துண்டுகள் வரை இருக்கும் என்று ஒரு கணக்கு. ராபி சேட்டரும் டேரன் செல்ட்மேனும் ஒலித்துண்டுகளைப் பதிந்து வாசிக்கும் சேம்ப்ளர் கருவியில் அவற்றை ஒட்டி ஒட்டி ஆடவைக்கும் இசையாக்கினார்கள். மடோனா பாட்டின் பேஸ் எனும் தாழ்சுருதித் துணுக்கு ஒன்றுக்கு அனுமதியே கிடைத்ததாம். ஆல்பத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் 'உன்னை விட்டு வந்த பிறகு'. விமான நிலையத்தில் அழுதுவிட்டு வந்து நாலு மாதம் ஆனவனிடம் இதைச் சொல்லலாமா?

அடுத்த ஆல்பம் வர 16 வருஷம் பிடித்தது. இதோ வருகிறது, அதோ வருகிறது என்பது இங்கே ஒரு கேலியாகவே ஆகிவிட்டிருந்தது. நடுவில் ராபிக்குச் சில வருஷம் உடம்பு சரியில்லை, டேரன் விலகிவிட்டார், எடுத்த ஒவ்வொரு துண்டுக்கும் உரிமைக்காரரைத் தேடி அனுமதி வாங்க வேண்டியிருந்தது. கடைசியில் 2016 ஜூலை 8 அன்று 'வைல்ட்ஃபிளவர்' வெளியானது. அதே மாதம், பைரன் பே என்ற கடற்கரை ஊர்ப் பக்கம் அப்போது நடந்துவந்த ஸ்ப்ளெண்டர் இன் த கிராஸ் இசை விழாவில் அவர்கள் மேடை ஏறுவதாக இருந்தது. பக்கத்து அறைக்காரன் டிக்கெட் வாங்கிவிட்டான். அதன் விலையில் எனக்கு இரண்டு வார வாடகை கொடுத்துவிடலாம்.

ஆனால் நானும் போனேன், தோசை சுட.

மாணவர் விசாவில் அப்போது இரண்டு வாரத்துக்கு 40 மணி நேரம்தான் வேலை செய்யலாம். விடுமுறையில் அந்தக் கட்டுப்பாடு கிடையாது. விழாக்களில் தோசைக் கடை போடும் ஒரு கோயம்புத்தூர் அண்ணன் ஆள் தேடிக்கொண்டிருந்தார். "தம்பி, தோசை ஊத்த வருமில்ல?" என்றார். வரும் என்றேன். ஊரில் அடுப்படிப் பக்கம் போனதே சாப்பாட்டுத் தட்டை எடுக்கத்தான். முதல் நாள் சுட்ட தோசை ஒவ்வொன்றும் ஒரு நாட்டின் வரைபடம். நல்லவேளை, வாங்கிச் சாப்பிடுகிறவர்களுக்குத் தோசை வட்டமாக இருக்க வேண்டும் என்று தெரியாது.

பெரிய பிரச்சினை மாவு. அந்தக் குளிரில் அது பொங்க மறுத்தது. ஐஸ் போட்டுப் பீர் வைக்கிற எஸ்கி பெட்டிக்குள் மாவு வாளியை இறக்கி, சுற்றிலும் வெந்நீர் பாட்டில்கள் வைத்து மூடினோம். அதுவும் போதவில்லை. அண்ணன் என் பச்சைப் போர்வையை வாங்கி மேலே சுற்றினார். விடியற்காலையில் மூடியைத் தள்ளிக்கொண்டு மாவு எட்டிப் பார்த்தது. போர்வையின் ஒரு மூலை மாவில் நனைந்து விறைத்துக் கிடந்தது. நான் மறுபடி ஜீன்ஸோடு தூங்கியிருந்தேன்.

அவலாஞ்சஸ் ஏறிய நேரம் எங்கள் கடையில் நல்ல கூட்டம். முப்பதாயிரம் பேருக்கு மேல் கூடிய இடம் அது. மேடை சரிவுக்குக் கீழே, நாங்கள் மேலே. வெளிச்சம் மட்டும் மாறி மாறிக் கூடாரத் துணியில் விழுந்தது. ஒட்டுப்போட்ட இசையை மேடையில் எப்படி வாசிப்பார்கள் என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. நிஜ டிரம்ஸ் கேட்டது, பாடும் பெண் குரல் ஒன்று கேட்டது, அவற்றுக்கு அடியில் பழைய தட்டுகளின் சத்தம் ஓடிக்கொண்டிருந்தது. திடீரென்று ஒரு குதிரை கனைத்தது. நான் கரண்டியோடு திரும்பிப் பார்த்தேன். "அண்ணே, குதிரை எதுவும் வருதா?" என்றேன். வரிசையில் நின்ற பெண் சிரித்துச் சிரித்து, அது பாட்டில் வருவதுதான் என்றாள். கல்லில் இருந்த தோசை கருகிவிட்டது. அண்ணன் என்னைப் பார்த்த பார்வையில் குதிரை பரவாயில்லை.

முதல் ஆல்பத்தின் அந்தத் தலைப்புப் பாட்டு வந்தபோது வரிசையே கலைந்தது. தோசைக்குக் காசு கொடுத்தவர்கள்கூட வாங்காமல் சரிவில் இறங்கி ஓடினார்கள். கல்லைத் துடைத்துவிட்டு அண்ணனும் நானும் கைகட்டி நின்றோம். அவர், "பாட்டு நல்லாத்தான் இருக்கு, வார்த்தைதான் கம்மி" என்றார்.

நள்ளிரவுக்கு மேல் பக்கத்து அறைக்காரன் தொண்டை கட்டிப்போய் வந்து நின்றான். மேடையில் ஆங்காங்கே தடுமாறினார்கள் என்று அவனே சொன்னான், சொல்லும்போதே அழுதான். ஆறிப்போன தோசை ஒன்றைக் கொடுத்தேன். குளிரில் நடுங்கிக்கொண்டிருந்தவன் எஸ்கி மேலிருந்த போர்வையை உருவிப் போர்த்திக்கொண்டான். "என்ன இது, புளித்த வாசனை?" என்றான்.

நவம்பரில் அதே ஆப் ஷாப்பில் 15 டாலருக்கு இசைத்தட்டு ஓட்டும் கருவி ஒன்று கிடைத்தது. அவனுடைய தட்டைக் கடன் வாங்கிப் போட்டுப் பார்த்தேன். குதிரை வந்தது, ஆனால் இடது பக்க ஸ்பீக்கரில் மட்டும். வலது பக்கம் இன்னும் சரியாகவில்லை.